நாலாவது தூணில் புள்ளடி

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா விபோர்க் நகருக்கு வெளியே ஒரு பழைய பண்ணைக் களஞ்சியத்தை வாங்கினார். மரத்தூண்களையும் சட்டங்களையும் நிறுத்தி, இடைவெளிகளில் செங்கல் நிரப்பிக் கட்டியது. வைக்கோல் கிடந்த இடத்தில் நாங்கள் குடியிருக்கப்போகிறோம் என்பதை அப்பா பெருமையாகவும் அம்மா தாழ்ந்த குரலிலும் உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். வேலை முடியும்வரை முற்றத்தில் ஒரு கரவன் வண்டிக்குள் இருந்தோம்.

அதை விற்ற கிழவர் அடுத்த வளவில்தான் இருந்தார். விற்ற பிறகும் வருவதை நிறுத்தவில்லை. அப்பா தொழிற்சாலைக்குப் போன நேரங்களில் வந்து, ஒவ்வொரு தூணாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். சின்னக் கத்தியால் குத்திப் பார்ப்பார்.

"வித்தவனுக்கு இஞ்ச என்ன வேலை? எதையோ ஒளிச்சு வைச்சிருக்கிறான்" என்றார் அம்மா.

எனக்கு அது போதுமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தூண்களைத் தட்டினேன். உள்ளே பொன் இருந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று தெரியாததால் எல்லாத் தூண்களிலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு வியாழக்கிழமை, நாலாவது தூணில் வெண்கட்டியால் குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடுகள் இழுத்துப் பெரிய புள்ளடி போட்டிருந்தது. காலையில் கிழவர்தான் போட்டாராம். டேனிஷில் நெடுநேரம் ஏதோ விளக்கினாராம். ஒன்றும் விளங்காத அம்மா "யா, யா" என்று தலையாட்டி அனுப்பியிருக்கிறார்.

ஈரத்துணியொன்றை அம்மா என் கையில் தந்தார். "அழிச்சுவிடு. எங்கட ஊரில குறி போட்டிட்டுப் போனவங்கள் பிறகு அந்த வீட்டை விட்டுவைக்கேல்லை. அப்பாவுக்குச் சொல்லாத. இதுக்கும் சிரிப்பார்."

அழித்தேன்.

சனிக்கிழமை, ஜன்னலுக்கு இடம் எடுக்க, அப்பா அந்தத் தூணின் பக்கத்துச் செங்கற்களைக் கழற்றத் தொடங்கினார். அரைவாசி கழற்றியதும் தூண் முனகியது. மேலேயிருந்த சட்டம் இறங்க, மிச்சச் சுவர் அப்பாவின் காலில் சரிந்தது. எங்கள் கூச்சல் கேட்டுக் கிழவர் ஜாக்கியோடு ஓடிவந்தார். சட்டத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அப்பாவை வெளியே இழுத்தார். தூணின் அடி முழுக்க உளுத்துப்போயிருந்தது. இவ்வளவு காலமும் சுமையைத் தாங்கியது அந்தச் செங்கற்கள்தான்.

அம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்தபோது கிழவர் தூணைக் காட்டி என்னிடம் டேனிஷில் கேட்டார்:

"தொடவேண்டாம் என்று புள்ளடி போட்டிருந்தேனே. அது எங்கே?"

டேனிஷ் விளங்கிய அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

"மழையில அழிஞ்சு போச்செண்டு சொல்லு" என்றார் என்னிடம்.

சொன்னேன்.

கிழவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அதில் ஓட்டை எதுவும் இல்லை. வாசலுக்கு வெளியே காய்ந்து கிடந்த புல்லைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம். இந்த முறை மழை கொஞ்சம் கூடுதல்தான்" என்றார்.

அப்பாவின் கால் கட்டோடு இருந்த வாரங்களில் கிழவரே வந்து, தூணின் உளுத்த அடியை அறுத்தெடுத்துப் புதிய ஓக் மரம் பொருத்தினார். குறிகளை இப்போது சிவப்புப் பெயின்றால் போட்டார். "மழைக்காக" என்று சொல்லி, அம்மாவுக்கு விளங்கும்படி விரல்களை மேலிருந்து கீழே அசைத்தும் காட்டினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார். நானோ, இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு லேசாக நம்பிவிட்ட மனிதரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.