சந்தனம் பூசாத மொட்டை

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயிலில், மூன்று வருடம் கழித்து மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தேன். அங்கே ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸ். காலையில் சென்னையில் இறங்கி, ரயில் பிடித்துத் திருத்தணி சேர்ந்தபோது மணி பதினொன்று. கே.ஜி.கண்டிகை தாண்டித்தான் எங்கள் ஊர். தம்பி பைக்கோடு ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தான்.

"வாக்கா" என்று பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, வியர்வை துடைக்க ஹெல்மெட்டைக் கழற்றினான். மொட்டை!

திருத்தணியில் மொட்டைக்கா பஞ்சம்? முருகனுக்கு முடி கொடுத்தவர்கள் தெருவெல்லாம் போவார்கள். ஆனால் அவர்கள் தலையில் சந்தனம் இருக்கும். இவன் தலையில் இல்லை. ஏதோ சொல்ல வருகிறவன்போல என் முகத்தையே வேறு பார்த்தான்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். முந்தைய வருடம்தான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்து நாளாக அவர் போனுக்கே வரவில்லை. கேட்டால் அம்மா, "தூங்கினு கீறாரு", "கழனிக்குப் போயிட்டாரு" என்று மழுப்பினாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சாவுச் செய்தியை வீடு வந்து சேரும்வரை மறைப்பார்கள். என்னோடு அறையில் இருந்த ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது.

பைக் கிளம்பியது. நான் ஊரறிந்த வாயாடி. அன்றைக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானே! அவன் சொல்லாதவரை நைனா உயிரோடு இருக்கிறார் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். முருகா, முருகா என்று அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்டிகை டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர் கை தூக்கினார். அதுகூடத் துக்கம் விசாரிப்பதாகவே தோன்றியது. எங்கள் தெருவில் திரும்பியதும் வாசலில் பந்தல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஐந்து நாள் ஆகிவிட்டதே, பிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் அம்மா. நான் முதலில் பார்த்தது அவள் நெற்றியை. குங்குமம் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து நைனா ஓடி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டு நழுவியது. அவரும் மொட்டை! நான் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஐந்து நாளுக்கு முன்பே தம்பியையும் இழுத்துக்கொண்டு மலைப்படி முழுக்க ஏறியிருக்கிறார் மனிதர். பூசிய சந்தனம் அதற்குள் குளித்துக் குளித்துப் போய்விட்டிருக்கிறது. படி ஏறவே கூடாது என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். வீடியோ காலில் மொட்டையைப் பார்த்தால் திட்டுவேன் என்று பயந்து ஒளிந்திருக்கிறார்.

அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப இன்னாத்துக்கு அழுவுற? வழி பூரா, நைனா எப்டி கீறாருன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

என் பயம் அவனுக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. நோயாளியைப் பற்றி எதுவுமே விசாரிக்காமல் வார்டு ஓரத்தில் நிற்கும் சொந்தக்காரர்களைப் பார்த்து, 'கொஞ்சமாவது அக்கறை இருக்கிறதா பார்' என்று எத்தனை முறை முகம் சுளித்திருப்பேன்! இப்போதெல்லாம் அப்படி யாராவது நின்றால், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நானே பக்கத்தில் போய், நோயாளி எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.