மலை தெரியும் மாடி

"வீட்ல யாருங்க?"

செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, படிக்குக் கீழே நின்று குரல் கொடுக்கிறார் தருமன். உள்ளிருந்து "வாங்க" என்று வந்தால்தான் படியேறுவார். அடி அண்ணாமலையில் வீட்டுத் தரகர். வாடகைக்குக் காட்டுகிற வீட்டில் இன்னும் குடியிருக்கிறவர்கள் மனசு நோகக் கூடாதாம்.

கூட்டிவந்தவர்களை நேரே மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவார். "மொதல்ல மலையப் பாருங்க சார். வீடு எங்க போயிடப் போவுது?" அண்ணாமலையாருக்கு ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் வாடகைப் பேச்சு. அடுப்படிக் குழாய் ஒழுகுவது அப்புறம் யார் கண்ணில் படப்போகிறது?

கிரிவலப் பாதையை ஒட்டி விளக்கும் பெஞ்சுமாகப் புது நடைபாதை வந்ததிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பௌர்ணமிக்கு வந்துபோன கூட்டம், இப்போது நடப்பதற்கென்றே மாதக்கணக்கில் தங்குகிறது. மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் காபிக் கடை. வாடகை ஏறி, பூக்கார எல்லம்மாள் குடும்பம் வேங்கிக்காலுக்கு அப்பால் போய்விட்டது. சாமான் வண்டிக்குக் கயிறு கட்டிக்கொடுத்தவரும் தருமன்தான்.

"நான் இல்லன்னா வேற ஒருத்தன் வீட்டக் காட்டுவான்க்கா," என்றார். எல்லம்மாள் பூக்கூடையைத் தூக்கி வண்டியில் வைத்தார். அன்றைக்குத் தருமனுக்குச் சோறு இறங்கவில்லை.

பிழைப்பே வாய்தான், வம்பும் அதனால்தான் வந்தது. ஒருநாள் டீக்கடையில், "எல்லா மாடியும் ஏறிப் பாத்துட்டேன், நான் குடியிருக்கிற வீட்டு மாடி மாதிரி வராது. மலை முழுசா தெரியும், குறுக்க ஒரு ஒயர் கெடையாது" என்று அளந்துகொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் வீட்டுக்காரர் குமரேசன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் குமரேசன் வீட்டுக்கே வந்தார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "உனக்குத் தெரியாத ரேட்டா தருமா? எனக்கும் பொண்ணு கல்யாணம் இருக்குது. நல்ல பார்ட்டியா நீயே கூட்டியாந்துடு."

பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடு. எத்தனையோ பேரைத் தானே பேசிக் கிளப்பியவர், என்ன சொல்லி மறுப்பார்? "சரிங்கண்ணா" என்றார்.

நேற்று ஒரு பெங்களூர்த் தம்பதியை அழைத்துவந்தார். வீட்டுக்குள் மனைவி பச்சையம்மாள் குழம்பு தாளிக்கும் வாசனை தெருவரை வந்தது.

தருமன் செருப்பைத் தெருவில் கழற்றினார். தன் வீட்டுப் படிக்குக் கீழே நின்று, "வீட்ல யாருங்க?" என்றார்.