கொலுப் பூங்காவில் ஒரு டேங்க் எஞ்சின்

எடிசன் ஸ்டேஷனில் மன்ஹாட்டன் ரயிலுக்குக் காத்திருந்தபடி போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை உதித்தது. பன்னியர் டேங்க் என்ற பழைய இங்கிலாந்து நீராவி எஞ்சின். கொதிகலனின் இரண்டு விலாவிலும் பொதிமூட்டை போல நீர்த்தொட்டி. முன்னால் போகிற மாதிரியே பின்னாலும் போகும். திருப்பி நிறுத்த இடம் வேண்டாம். கொலுப் படிக்குக் கீழே பூங்காவுக்காக வீட்டுக்கார ஆன்ட்டி விட்டிருந்த ஒடுங்கிய இடத்துக்கு இதன் பொம்மையைவிட வேறென்ன பொருந்தும்?

ஆன்ட்டியின் பேஸ்மென்ட்டில்தான் வாடகைக்கு இருக்கிறேன். இந்த வருடக் கொலு முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு அவரும் அங்கிளும் டெக்சாஸ் போகிறார்கள். ஆக, என் எஞ்சினுக்கு இருந்தது இந்த ஒரே கொலு.

உடலையும் அடித்தட்டையும் நூலகத்துத் த்ரீடி பிரிண்டரில் அச்சிட்டேன். மோட்டாரையும் சக்கரங்களையும் வாங்கிப் பொருத்தி, பூங்காவில் தண்டவாளம் போட்டேன். சரஸ்வதி பூஜையன்று காலையில்தான் முதன்முதலாக நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில், கார், லேப்டாப்புக்கெல்லாம் வைக்க ஆன்ட்டி குழைத்த சந்தனத்தை எடுத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் நானே பொட்டு வைத்தேன். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பதே அந்தச் சக்கரங்கள்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. கை பழக்கத்தில் போய்விட்டது. சந்தனம் விளிம்புவரை வழிந்து காய்ந்தது.

மாலையில் கூடம் நிறையச் சுண்டல் வாசமும் பட்டுப்புடவையும். சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் அசையவில்லை.

"என்னப்பா, நாங்க தினம் போற ட்ரெய்ன் மாதிரியே இதுவும் டிலேவா?" என்றார் அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள்.

துடைக்கக் குனிந்தேன். "பூஜைல வெச்சாச்சுப்பா. நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக்கூடாது," என்றார் ஆன்ட்டி. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

விஜயதசமி காலையில் ஈரத்துணியால் அவசரமாகத் துடைத்தேன். கரைந்த சந்தனம் பல்சக்கரங்களுக்குள் இறங்கி இறுகிவிட்டது. அது தெரியாமல் மறுபடி சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஒருமுறை உறுமியது, கருகிய நாற்றம் வந்தது, அவ்வளவுதான்.

பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றும்போது ஆன்ட்டி சொன்னார்: "டெக்சாஸுக்கு வாயேன், அங்க ஓட்டலாம்." மரியாதைக்குச் சொன்னது என்று இருவருக்கும் தெரியும்.

வேறொரு மோட்டார் வாங்கியிருக்கிறேன். அடித்தட்டில் உட்கார மறுக்கிறது. இந்தச் சனிக்கிழமை அடித்தட்டை அரத்தால் ராவிப் பார்க்கப்போகிறேன். பிளாஸ்டிக் மெலிசு, அநேகமாக விரிசல் விடும்.