பன்னிரண்டு கணுக்கள்

அண்ணன் தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் டாலி கிளார்க். லாரியில் ஏறும் மூட்டைகளை எண்ணுவது அவர் வேலை. வலது கைக் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகும். விரலுக்கு மூன்று கணு, ஆகப் பன்னிரண்டு. பன்னிரண்டு ஆனதும் இடது கையில் ஒரு விரல் மடங்கும். ஐந்தும் மடங்கினால் அறுபது. எண்ணிக்கொண்டே பேசுவார், எவனையாவது திட்டுவார். எண்ணிக்கை தப்பாது.

என் நாட்குறிப்பின்படி தொண்ணூற்றெட்டு, ஆவணி, ஒரு செவ்வாய்க்கிழமை. லாரியின் பின்கதவு விழுந்து அவருடைய வலது மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் என்ன பேசுவதென்று தெரியாமல், படித்ததைச் சொன்னேன். இலக்கத்தை ஆங்கிலத்தில் டிஜிட் என்கிறார்கள்; அது விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; பத்துக்குக் கீழே உள்ளதை ஆதியில் விரலில் எண்ணியதால் அந்தப் பெயர். நம்முடைய ஐந்துக்கும் கைக்கும்கூட உறவு உண்டென்பார்கள், அது உறுதியில்லை என்றேன்.

அண்ணன் கையில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சைபருக்கு எந்த வெரலுடா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நான், பூஜ்யம் பின்னால் வந்தது என்று விளக்கத் தொடங்கினேன். அண்ணி என் முழங்கையைத் தொட்டார். நிறுத்தினேன்.

"வேற எந்த வேல குட்த்தாலும் வாணாம்டா," என்றார் அண்ணன். "எனக்கு எண்றதுதான் தெரியும்."

பொங்கல் கழிந்து வேலைக்குத் திரும்பினார். அன்று நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். முதல் லாரி. நடு விரலின் கடைசிக் கணுவைத் தொட்டதும் கட்டைவிரலுக்கு மேற்கொண்டு போக இடமில்லை. இடது கை விரல் தானாக மடங்கியது. ஏறியிருந்தது ஆறு மூட்டைதான்.

ஐந்தும் மடங்கியதும், "அறுபது," என்றார்.

"இன்னா நைனா, பாதி லாரி காலியா கீது," என்றார் மூட்டை தூக்குபவர் ஒருவர். "மீதியை நீ முழுங்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுடைய கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எறக்குங்கப்பா. திரும்ப எண்றேன்."

முப்பது மூட்டையையும் முணுமுணுக்காமல் இறக்கி மறுபடி ஏற்றினார்கள். மறுபடியும் பாதியில் இடது கை மூடிக்கொண்டது. பிறகு கேலி செய்தவரே மூட்டையோடு அவரைக் கடக்கும்போது மெல்லச் சொல்லத் தொடங்கினார்: "முப்பத்தொண்ணு நைனா." அடுத்தவர், "முப்பத்திரண்டு நைனா." அண்ணன் இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். லாரி நிறையும்வரை அப்படியே நின்றார்.

அன்று மாலை அவரே குடோன்காரரிடம் போனார். "கேட்டுல ஒக்காந்துக்கிறேன்," என்றார். மறுநாளிலிருந்து வாசல் காவல் வேலை.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனேன். வாசல் நாற்காலியில் இருந்தார். உள்ளே லாரி ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய கட்டைவிரல் இரண்டு விரல்களைத் தொட்டு முடித்து, விரல் இல்லாத இடத்தில், காற்றில், நிதானமாக ஆறு முறை நின்று நின்று நகர்ந்தது. அதன் பிறகே இடது கையில் ஒரு விரல் மடங்கியது. நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. தூக்குச்சட்டியோடு ஓரமாக நின்றேன்.

உள்ளே புதிய கிளார்க் "அறுபது" என்று குரல் கொடுத்தார். அண்ணனின் ஐந்தாவது விரல் அதற்குச் சற்று முன்பே மடங்கியிருந்தது.