ஒட்டிவைத்த இரண்டு பக்கங்கள்

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். எல்லோருக்கும் அக்கா. ஒல்லியான உடம்பு, உரத்த குரல். விரலில் காய்ந்த ரப்பர் பாலை உரித்து உருட்டிக்கொண்டேதான் பேசுவார்.

வாரா வாரம் வரும் சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகையை, பால் நிறுக்கக் காத்திருக்கும் நேரத்தில் கூடப் பால் வெட்டும் எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவார். அதில் ஒரு முகமூடி வீரன். பறப்பான், யாருக்கும் பணிய மாட்டான். கதையைப் புதிதாக வேறொருவர் எழுதத் தொடங்கிய வாரம், அவன் இத்தனை காலம் எதிர்த்துவந்த முதலாளியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான்.

அக்கா வாசிப்பதை நிறுத்தினார். "இது அவன் இல்ல."

"அச்சுல வந்திருச்சே, வாசி புள்ள," என்றார் கங்காணி.

"எழுதுனவனுக்கு அவனப் பத்தி என்னங்க தெரியும்? நேத்து வந்தவன். நாங்க இத்தன வருசமா அவன்கூடவே இருக்கோம். பயந்துட்டான்னா ஏன் பயந்தான்னு காட்டணும்ல? சும்மா கால்ல விழ வச்சா எப்படி?"

வாளியில் விரலை விட்டுப் பாலைத் தொட்டு அந்தப் பக்கம் முழுக்கத் தடவினார். எதிர்ப்பக்கத்தோடு சேர்த்து அழுத்தினார். காயும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பத்திரிகையைக் கங்காணியிடம் நீட்டினார்.

"மிச்சத்த நீங்க வாசிங்க."

கங்காணி நகத்தால் பிரித்துப் பார்த்தார். தாள்தான் கிழிந்தது.

எனக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியும். கடைவாசலில் அதே பத்திரிகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் வாங்கவில்லை. அந்த வீரன் பிறகு என்ன ஆனான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காலில் விழுந்தவன் அவன் இல்லை என்பது மட்டும் தெரியும்.