ஸ்வெட்டரின் உள்பக்கம்

இந்த ஊரில் மீட்டிங் நடக்கும்போது எல்லோரும் பின்னிக்கொண்டிருக்கிறார்கள். நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். திங்கட்கிழமை காலையில் மேலாளர் அம்மா வாரத் திட்டத்தை வாசிப்பார். கேட்பவர்களோ மடியில் நூலுருண்டையை வைத்துக்கொண்டு ஊசி ஓட்டுவார்கள். ஆண்களும்தான். மேலாளரே ஒரு காலுறையைப் பின்னிக்கொண்டுதான் பேசுவார். எங்கள் ஊர்ப் பக்கம் போடியில் நான் வேலை பார்த்த ஏலக்காய்க் கிட்டங்கியில் மேஸ்திரி பேசும்போது கழுத்தைச் சொறிந்தாலே, "என்னம்மா, சோலி முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார். இங்கே கை சும்மா இருந்தால்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என் கை ஆறு வருஷம் சும்மா இருந்தது. ஏழாவது வருஷம், சலவைப் பகுதியில் வேலை செய்யும் மாரித்திடம் போய், இரண்டு நிறத்தில் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடு என்று கேட்டேன்.

"யாருக்கு?" என்றாள். என் வயதுக்காரிதான், ஒளிவு மறைவு தெரியாதவள்.

"என் அக்காவுக்கு. என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது."

"பேச வேண்டாம் என்பது அவள் முடிவு. அதை மதிக்க வேண்டும்" என்றாள் மாரித், ஆறுதல் சொல்கிற முகத்தோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் அக்கா தங்கச்சி சண்டை என்றால் பக்கத்து வீட்டுக்காரி ரெண்டு பேரையும் ஏசிச் சேர்த்து வைப்பாள். மதிப்பதாம், மண்ணாங்கட்டி.

அக்கா பேச்சை நிறுத்தியது அப்பா செத்தபோது. போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் வீடு. அம்மா முன்பே போய்விட்டாள். என்னை நர்சிங் படிக்க வைத்துவிட்டு, அக்கா கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் அப்பாவோடு இருந்தாள். விடிவதற்குள் ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போவாள். இறங்கி வந்து, படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பாவைக் குளிப்பாட்டுவாள். ஊர் ஊராய்க் கிழவர்களைக் குளிப்பாட்டிப் பெயர் வாங்கிய நர்ஸ் நான். பெற்ற அப்பனை ஒரு நாள் தொட்டுத் துடைத்தவளில்லை. அப்பா இறந்தபோது, நான் இங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதம் புதுப்பிப்பில் இருந்தது. இப்போது போனால் திரும்பி வருவது சிரமமாகலாம் என்றார்கள். வரவே முடியாது என்று யாரும் சொல்லவில்லை. நான் போகவில்லை. அப்பாவை எடுப்பதைப் போனில் பார்த்தேன். "நீ ஒண்ணும் வர வேணாம். அங்கனயே இருந்துக்க" என்றாள் அக்கா. அதன்பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

மலைச்சரிவில் மூடுபனியும் சாரலும் எலும்பு வரைக்கும் போகும். அக்கா சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் காயெடுப்பாள். அந்தச் சட்டைக்குப் பதிலாக நான் பின்னிய கம்பளியைப் போட்டால் ஒரு வார்த்தையாவது பேசுவாள் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு நிறப் பின்னலில் முன்பக்கம் லேசு. கஷ்டமெல்லாம் உள்பக்கத்தில். முன்னால் நீலம் தெரியும்போது வெள்ளை நூல் பின்னாலேயே கூட ஓடி வர வேண்டும். அதன் முறை வரும்வரை அதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அதை இழுத்துப் பிடித்தால் மொத்தத் துணியும் சுருங்கிப் போகும். என் முதல் துண்டு அப்படித்தான் சுருங்கியது. மாரித் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு கோபமாகப் பின்னுகிறாய்?" என்று கேட்டாள். கோபமில்லை, கிட்டங்கிக் கை. படிக்கிற காலத்தில் லீவு நாட்களில் நானும் அக்காவும் அங்கே மூட்டைக்கு வாய் தைப்போம். கோணி ஊசியில் சணலைக் கோத்து, ஒரு காய் சிந்தாதபடி இழுத்து இறுக்குவேன். அக்கா என் பின்னாலேயே வந்து தொங்குகிற பிசிறையெல்லாம் கத்தரித்து விடுவாள். பிசிறு தொங்கினால் மேஸ்திரி மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். நான் தைக்க, அவள் சுத்தம் பண்ண, அப்படியே நாலு வருஷம்.

பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை நூலைத் தளர விட்டேன். நீலத்தில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, வெள்ளை ஏலக்காய்கள். நடுவில் ஒன்பது பத்துப் பின்னல் கண்ணி தூரம். "ஐந்து கண்ணிக்கு மேல் போனால் பின்னால் ஓடும் நூலை நடுவில் ஒருமுறை பிடித்துக் கட்டு, இல்லாவிட்டால் விரல் மாட்டும்" என்று மாரித் படித்துப் படித்துச் சொன்னாள். கட்டினால் நீலத்துக்கு நடுவே வெள்ளை புள்ளியாக எட்டிப் பார்த்தது. முன்பக்கம் அசிங்கமாகிவிடுமே! உள்பக்கத்தை எவள் பார்க்கப் போகிறாள் என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம். முடித்து, பார்சல் கட்டி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. அக்கா!

"ஏத்தா வேணி, ஸ்வெட்டரு வந்துச்சு. காய் மாதிரியே போட்டிருக்க, நல்லாருக்கு."

"போட்டுப் பாத்தியாக்கா?"

"போட்டேன். உள்ள பூரா நூலு நூலாத் தொங்குது. வெரலு மாட்டுது, வளவி மாட்டுது. கத்திரிய எடுத்து ஒண்ணு விடாம வெட்டிச் சுத்தம் பண்ணிட்டேன்."

ஒரு வருஷத்துக்கு மேலாகி இப்போதுதான் பேசுகிறாள். "சரிக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டிருந்தால் என் வாய் வெந்தா போயிருக்கும்? கத்தினேன். "அடிப்பாவி! என்னக்கா பண்ணித் தொலைச்ச? அது பிசிறு இல்ல, அதுலதான் மொத்தமும் நிக்குது! ஒரு வார்த்த கேக்க மாட்டியா? ஒனக்கு அறிவே இல்லையா?"

அக்கா நிதானமாகச் சொன்னாள். "நீ வேலய அரகொறயா விட்டுட்டுப் போயிட்டன்னு நெனச்சேன். எப்பயும் போல நான் முடிச்சு வச்சேன்."

வைத்துவிட்டாள். நான் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை கூப்பிட்டேன்.

இந்த வருஷம் லீவு போட்டு சிலமலைக்குப் போனேன். கதவைத் திறந்து "வா" என்றாள், அவ்வளவுதான். நான் இருந்த பத்து நாளும் விடியுமுன்னே சோறாக்கி மூடி வைத்துவிட்டு ஜீப்பு ஏறினாள், அதே சட்டையில். காலரில் இரண்டு ஒட்டு, ஆனாலும் அப்பாவின் சட்டை. அதற்குப் பதிலாக ஒன்றைப் பின்னக் கிளம்பிய என் புத்தியை என்னவென்று சொல்ல! கிளம்புகிற அன்றைக்கு, வாசலில் ஜீப்புக்காரர் ஆரனடித்துக்கொண்டிருக்க, ஒரு பையைக் கையில் திணித்தாள். உள்ளே ஸ்வெட்டர். வெள்ளைக் காய்கள் ஒவ்வொன்றும் பிரிந்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை ஒவ்வொன்றையும் சணலால், கோணி ஊசியால், மூட்டை வாய் மாதிரி இறுக்கி இறுக்கித் தைத்திருந்தாள். சணல் முனைகள் எல்லாம் உள்ளே நீளமாக அப்படியே தொங்கின.

"இனி பிரியாது. ஒரு நூலக்கூட வெட்டல, பாத்துக்க" என்றாள். "நீயே கொண்டு போ. அங்கதான குளிரு."

"அக்கா, அன்னைக்கு நான் பேசினது..."

"வெரசா ஏறு. அண்ணே எம்புட்டு நேரம் நிப்பாரு?"

போன திங்கட்கிழமை மீட்டிங்குக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன். நெஞ்சில் இறுக்குகிறது, கையை முழுசாகத் தூக்க முடியவில்லை, சணல் முனைகள் தோலில் குத்திக்கொண்டே இருக்கின்றன. பக்கத்தில் இருந்த மாரித் ஓரத்தை மடக்கி உள்பக்கத்தைப் பார்த்தாள். "ஐயோ, யார் இப்படிச் செய்தது?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே, உதவி செய்கிற முகத்தோடு, நூல் பையிலிருந்து குட்டிக் கத்தரியை எடுத்தாள்.

"வெட்டாதே!" என்று கத்தினேன். ஊசிகள் எல்லாம் நின்றன. மேலாளர் அம்மா காலுறையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"குத்துமே" என்றாள் மாரித், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு.

"குத்தட்டும்" என்றேன், தமிழில். அதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.