கடற்கரைப் படத்தில் ஒரு சாம்பல் கோட்டு

சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பல வருடங்களாக நான் கேட்டுக்கொண்டிருந்த விடுமுறையை எங்கள் நிறுவனம் ஒருவழியாக எனக்கு வழங்கிவிட்டது. கெட்டி அட்டை போட்டு, வழவழப்பான தாளில், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்களோடு.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இது நடந்தது. என் மனைவியும் பார்த்தாள்.

அவளுக்குக் கடலைக் காட்டுவதாகக் கல்யாணமான புதிதில் வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குத்தான் ஒரு வாரம் கேட்டேன். அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் எழுந்து, தொண்டையைச் செருமி, உழைப்பின் மகத்துவத்தைப் பற்றிப் பேசிவிட்டு, கடற்கரைப் படப் புத்தகம் ஒன்றை என் கையில் திணித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாதவர்களை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

"லீவு கேட்டா படம் காட்டி அனுப்பிட்டாரா?" என்றாள் மனைவி.

அன்று சாயங்காலம் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து புரட்டினோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ரசித்தோம். நீலத் தண்ணீர், வெள்ளை மணல். அவள் படத்தில் விரலை வைத்து, "இங்க உக்காரலாம்... இங்க கால் நனைக்கலாம்" என்றாள்.

மூன்றாவது படத்தில்தான் கவனித்தேன். மணலில் ஒரு மடக்கு நாற்காலி. அதில் ஓர் ஆள். முதுகு மட்டும் தெரிந்தது. சாம்பல் நிறக் கோட்டு.

"கடலுக்குக் கோட்டு போட்டுட்டு வந்திருக்கு பாரு, ஒரு ஜென்மம்."

"உங்க ஆபீஸ் ஆளா இருக்கும்."

சிரித்தோம். பக்கத்தைத் திருப்பினேன்.

வேறு கடல். வேறு வானம். அதே முதுகு.

அடுத்ததிலும். இப்போது கொஞ்சம் கிட்டே...

சர்ர்ர்... சர்ர்ர்...

அலை பின்வாங்கும் சத்தம். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. எழுந்துபோய்க் குழாயைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

கடைசிப் படம். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அந்த ஆள். இன்னொன்று காலி. அதன் முதுகில் பழுப்புக் கோட்டு ஒன்று தொங்கியது. முழங்கையில் ஒட்டு. நீல நூல்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க..."

"என்ன?"

"இது உங்க கோட்டுல நான் தைச்சது."

புத்தகத்தை மூடினேன்.

சத்தம் நின்றது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்புகிறவன், கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு நழுவுவான். மேலாளர் எட்டிப் பார்த்தால், ஆள் இங்கேதான் எங்கோ இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்.

மறுநாள் பக்கத்து மேசைக் கணக்கரிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இது போன வருஷம் ஸ்டோர்காரருக்குக் குடுத்த புக்காச்சே. லீவு கேட்டாரு, இதைக் குடுத்தாங்க. பாவம், வெள்ளிக்கிழமை நாற்காலியிலேயே போய்ட்டாரு."

"யாரும் பாக்கலையா?"

"பாத்தோமே. தலை மேசைல கவுந்திருந்ததால தெரியல. பின்னாலேருந்து பாத்தா வெறும் சாம்பல் கோட்டு மாதிரிதான் தெரிஞ்சுது. மாட்டிட்டுப் போய்ட்டார்னு நெனச்சோம். திங்கக்கிழமைதான்..."

"அப்புறம்... புக்கு?"

"தொடைச்சு எடுத்து வெச்சாங்க. புதுசாட்டம் இருந்துதே."

வீட்டில் சொன்னேன். மனைவி இரண்டு பைகளில் துணி அடுக்கினாள். என் பையை என் காலடியில் வைத்தாள்.

"லீவெல்லாம் கேக்க வேணாம். வாங்க, போயிடலாம்."

அவள் தனியாகப் போய்த்தான் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்கு மாதக் கடைசி வேலை இருந்தது.